ஐந்து மாதம் புராகிரசிவ் கண்ணாடி: நடுப்பார்வைக்குக் கிடைத்தது, ஓரப்பார்வை கொடுத்தது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். புராகிரசிவ் லென்ஸ் (தூரம், நடுத்தூரம், படிப்பது மூன்றையும் ஒரே கண்ணாடியில் தருகிற, கோடு இல்லாத லென்ஸ்) நல்ல பொருள், நாற்பதைத் தாண்டியவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் முகத்தில் ஃபிரேமை மாட்டிவைத்து அளவு எடுக்காத கடையில் வாங்காதீர்கள், படி இறங்கும்போது அதை முழுசாக நம்பாதீர்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தொடர்ந்து படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் இந்தக் கண்ணாடி எனக்குக் கண்ணைப் பற்றியே நிறையக் கற்றுக்கொடுத்தது.

எனக்கு வயது 52. திருச்சியில் கணக்கு டீச்சர். தூரத்துக்கு ரொம்ப வருஷமாக -0.75 பவர் கண்ணாடி, சாளேஸ்வரம் வந்த பிறகு படிக்க ஒரு தனிக் கண்ணாடி. வகுப்பில் நோட்டைத் திருத்த ஒன்று, கடைசி பெஞ்சைப் பார்க்க ஒன்று, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பீரியடுக்குள் பத்துத் தடவை கழற்றி மாட்டுவேன். மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் கோடு போட்டுப் பிரித்த பைஃபோக்கல் போடலாம்தான், ஆனால் அதில் கோட்டைத் தாண்டும்போது உருவம் துள்ளும், எனக்குத் தலைவலி வந்துவிடும். அதனால் கோடு இல்லாத புராகிரசிவ். எனக்கு அடிஷன் 2.00, அதாவது லென்ஸின் மேல் பாகத்தில் தூரத்துப் பவர், கீழே வரவர கூடிக்கொண்டே போய் அடியில் 2.00 அதிகமாக இருக்கும். நடுவில் இருக்கும் இந்த ஏறுபாதையைத்தான் காரிடார் என்கிறார்கள்.

முதல் ஜோடியை வாங்கிய அன்று சாயங்காலம் கடையை விட்டு வெளியே வந்ததும் தெரு ஆடியது. ஆடியது என்றால் நேராகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, போர்டு தெளிவாக இருக்கிறது, கைபேசியைக் குனிந்து பார்த்தால் அதுவும் தெளிவு, ஆனால் தலையைத் திருப்பினால் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி நெளிகிறது. மறுநாள் பள்ளியில் கரும்பலகையின் சட்டம் வளைந்து தெரிந்தது. மேசையின் விளிம்பு வில் மாதிரி. மூன்றாவது பீரியடில் குமட்டல் வந்து கழற்றிவிட்டேன்.

கடையில் போய்ச் சொன்னால் "பழகிடும் மேடம், எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்கள். அதில் பாதி உண்மை, பாதி தட்டிக்கழிப்பு. அந்தப் பாதிகளைப் பிரித்துச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

லென்ஸில் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. 1963-இல் மின்க்விட்ஸ் என்ற ஜெர்மானியர் ஒரு தேற்றம் நிறுவினார்: லென்ஸின் நடுக்கோட்டில் கீழ்நோக்கிப் பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் வேண்டாத சிலிண்டர் பவர் (உருவத்தை மங்கலாக்கி நெளியவைப்பது) ஏறியே தீரும். என் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2.00 பவர் 14 மி.மீ. நீளத்தில் ஏறுகிறது என்றால் ஒரு மி.மீட்டருக்கு 0.14, பக்கவாட்டில் அதன் இரண்டு மடங்கு, 0.28. ஆக நடுவிலிருந்து இரண்டு மி.மீட்டர் கூடப் போக வேண்டாம், அரை பவர் அளவுக்கு மங்கல் வந்துவிடும். தெளிவான பாதையின் மொத்த அகலம் சுமார் மூன்றரை மி.மீ.! காரிடார் 11 மி.மீ. என்றால் இன்னும் குறுகி மூன்றுக்கும் கீழே. இப்போது கம்ப்யூட்டர் வைத்துச் செதுக்குகிற லென்ஸ்கள் அந்த மங்கலை இடம் மாற்றிப் பரப்பி மென்மையாக்குகின்றன, சில வகையில் தூரத்துப் பகுதி அகலமாக இருக்கும், சில வகையில் படிக்கிற பகுதி அகலமாக இருக்கும், ஆனால் மங்கலே இல்லாத புராகிரசிவ் என்று ஒன்று கிடையாது. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

1959-இல் பிரான்சில் பெர்னார் மெத்தனாஸ் என்ற பொறியாளர் உருவாக்கி விற்பனைக்கு வந்த வேரிலக்ஸ் என்ற புராகிரசிவ் லென்ஸிலிருந்து இன்றுவரை இந்த லென்ஸ் உங்களோடு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்றுதான். நடுவை எல்லாத் தூரத்துக்கும் தெளிவாகத் தருகிறேன், ஓரத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, ஓரத்தை எடுத்தால் என்ன, ஓரத்தில்தான் நாம் எதையும் தெளிவாகப் பார்ப்பதே இல்லையே என்று எனக்கும் தோன்றியது. கையை முழுசாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் நம் கண்ணின் உச்சத் தெளிவு இருக்கிறது, இரண்டு டிகிரிக்குள். விழித்திரையின் நடுவில் ஒன்றரை மி.மீ. அளவுள்ள ஒரு சின்னக் குழி, அதற்குள் கூம்புச் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன, பார்வைக்கான மூளைப் பகுதியில் தன் அளவுக்குப் பொருந்தாத பெரிய பங்கை அந்தக் குழி எடுத்துக்கொள்கிறது. பத்து டிகிரி தள்ளிப் போனாலே கூர்மை ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிற பரப்பு, இடமிருந்து வலமாக, 180 டிகிரிக்கும் மேல். ஆக நாம் பார்க்கிற உலகத்தில் மிகப் பெரும்பாலானது ஓரம்தான்.

ஓரம் எதற்கு இருக்கிறது என்பது வகுப்பறையில் நிற்பவர்களுக்கு உடம்பிலேயே தெரியும். நான் ஒரு பிள்ளையின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் பார்வையின் நடு அந்தப் பெருக்கலில் இருக்கிறது. அதே சமயம் இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஏதோ ஒரு கை சட்டென்று நகர்கிறது. யார் கை, என்ன எறிந்தான், எதுவும் தெரியாது, "அங்கே ஏதோ" என்பது மட்டும் தெரியும். அடுத்த கணம் கண் அங்கே போய்விடும், அப்போதுதான் முகம் தெரியும், காகிதம் தெரியும். எங்கே என்று சொல்வது கடைக்கண், என்ன என்று சொல்வது நடுக்கண். ஒரு நொடிக்கு மூன்று நான்கு தடவை கண் இப்படித் தாவுகிறது, ஒவ்வொரு தாவலுக்கும் அடுத்து எங்கே இறங்குவது என்பதை ஓரம்தான் முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கிறது. தாவும் நேரத்தில் வரும் கலங்கலை மூளை அமுக்கிவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை, அறை முழுவதும் ஒரே தெளிவில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

படிப்பதற்கும் இது பொருந்தும். ஆங்கிலம் படிப்பவர்களை வைத்து 1970-களில் மெக்காங்கியும் ரேனரும் செய்த ஆய்வுகளில், கண் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்து, வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்து வரைக்கும் மூளை ஏதோ ஒரு தகவலை எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தது. தெளிவாக அடையாளம் காண்பது அதைவிடக் குறைவான எழுத்துகளைத்தான், மீதி அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்கிற அளவுக்கு. குறுகிய காரிடார் உள்ள என் முதல் ஜோடியில் பத்திரிகையின் ஒரு பத்தியைப் படிக்கவே தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டியிருந்தது ஏன் என்பது இதைப் படித்த பிறகுதான் புரிந்தது. வரியின் அடுத்த பாதி மங்கல் பகுதிக்குள் போய்விட்டதால், எங்கே இறங்குவது என்று கண்ணுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு சின்னச் சோதனை, வீட்டில் செய்து பாருங்கள். தாளின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி வலப்பக்கம் கொஞ்சம் பெரிதாகத் தனியாக 'ம'. அதற்குக் கீழே இன்னொரு புள்ளி, அதே தூரத்தில் அதே அளவில் 'படமலட' என்று நெருக்கமாக எழுதுங்கள். புள்ளியையே பார்த்தபடி தாளைக் கை நீட்டிய தூரத்தில் பிடியுங்கள். தனி 'ம' தெரிந்துவிடும், கூட்டத்துக்கு நடுவில் இருக்கிற அதே 'ம' பிடிபடாது, எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். எழுத்து சின்னதாக இருப்பது இதற்குக் காரணம் இல்லை, பக்கத்தில் ஆள் இருப்பதுதான் காரணம். 1970-இல் டச்சுக்காரரான பௌமா இதை அளந்து, நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ ஏறத்தாழ அதில் பாதி தூரத்துக்குள் வேறு எழுத்து வந்தால் குழப்பம் வரும் என்றார். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் செய்யச் சொன்னேன், அன்றைக்கு யாரும் மணி அடித்ததைக் கவனிக்கவில்லை.

ஓரம் என்றால் தரம் குறைந்த நடு என்று நினைத்துவிடக் கூடாது, இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. மின்தடை இரவில் மொட்டைமாடியில் போய் அறுமீனை (கார்த்திகை விண்மீன் கூட்டம்) நேராகப் பாருங்கள், பிறகு கொஞ்சம் பக்கத்தில் பார்வையை வைத்துப் பாருங்கள், பக்கத்தில் பார்க்கும்போது கூடுதல் விண்மீன்கள் தெரியும். குழியின் நடுவில் மங்கலொளிக்கான தண்டுச் செல்களே கிடையாது, அவை சுற்றியுள்ள பகுதியில்தான் அடர்ந்திருக்கின்றன. அசைவையும் சிமிட்டலையும் பிடிப்பதிலும் ஓரம் கெட்டி. டியூப்லைட் துடிப்பது நேராகப் பார்த்தால் தெரியாமல் ஓரக்கண்ணில் தெரிந்திருக்கும், கவனித்திருப்பீர்கள்.

அந்த அசைவைப் பிடிக்கிற ஓரத்தைத்தான் புதுக் கண்ணாடி கலைத்துவிட்டது. தலை ஒரு பக்கம் திரும்பினால் உலகம் எவ்வளவு நகர்ந்து தெரிய வேண்டும் என்று மூளையிடம் ஐம்பது வருஷக் கணக்கு இருக்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் சேர்ந்து போட்ட கணக்கு. லென்ஸின் வெவ்வேறு இடங்களில் உருவம் வெவ்வேறு அளவில் பெரிதாவதால் அந்தக் கணக்கு பொய்க்கிறது. நான் திரும்பினேனா, சுவர் நகர்ந்ததா என்று மூளைக்குச் சந்தேகம், அதுதான் குமட்டல். நல்ல சேதி என்னவென்றால் மூளை இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளும், பெரும்பாலானவர்களுக்குச் சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம். ஆக கடைக்காரர் சொன்ன "பழகிடும்" என்பது இந்த மட்டுக்கும் உண்மை.

பழகாத பாதி எது என்றால், தப்பாகப் பொருத்தப்பட்ட லென்ஸ். முதல் கடையில் (பெயர் சொல்லவில்லை, எனக்குச் சண்டை போட விருப்பமில்லை) இரண்டு கண்ணுக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளந்தார்கள், அவ்வளவுதான். ஃபிரேமை முகத்தில் மாட்டி, என் கண்மணி லென்ஸில் எந்த உயரத்தில் வருகிறது என்று யாரும் குறிக்கவில்லை. மூன்று வாரம் கழுத்தைத் தூக்கித் தூக்கிப் படித்து கழுத்துவலி வந்த பிறகு வேறு ஒரு கடைக்குப் போனேன். அங்கே இருந்த ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பவர் பரிசோதிப்பவர்) பெண், என் மகள் வயதுதான் இருக்கும், லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒரு விஷயம் காட்டினாள். எல்லாப் புராகிரசிவ் லென்ஸிலும் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு நுண்ணிய பொறிப்புகள் இருக்கும், ஒன்றின் கீழே அடிஷன் எண்ணும் பொறித்திருக்கும். அதை வைத்து லென்ஸின் நடுவை மார்க்கரில் வரைந்து என் முகத்தில் மாட்டிப் பார்த்தால், குறி என் கண்மணிக்கு மூன்று மி.மீ. கீழே இருந்தது. காரிடாரின் நீளமே பதினொன்று, பதினான்கு மி.மீ. அளவுதான், உயரத்தில் இந்தப் பிசகு என்றால் என்னத்தைப் பழகுவது?

"டீச்சர், நீங்க கண்ணை உருட்டிப் பாக்குற ஆளு, இனிமே மூக்கைத் திருப்பிப் பாருங்க" என்றாள். சிலர் பக்கத்தில் பார்க்க தலையைத் திருப்புவார்களாம், சிலர் கண்ணை மட்டும் நகர்த்துவார்களாம், இரண்டாவது வகைக்காரர்களுக்குத்தான் புராகிரசிவ் கஷ்டம். அவள் எடுத்த அளவுகள்: கண் ஒவ்வொன்றுக்கும் மூக்கிலிருந்து தனித்தனித் தூரம், கண்மணி உயரம், ஃபிரேம் முகத்தோடு சாயும் கோணம். அதற்கெல்லாம் முன்னால் மூக்குப் பட்டையையும் காதுக் கம்பியையும் சரிசெய்தாள், ஏனென்றால் ஃபிரேம் வழுக்கினால் அளவு எல்லாம் வீண். நான் ஆசைப்பட்ட குட்டி ஃபிரேமை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், உயரம் போதாது, நீளமான காரிடார் போட முடியாது என்று. இருபது நிமிஷம் ஆனது. இரண்டாவது ஜோடிக்கு ஃபிரேமோடு 9,400 ரூபாய் கொடுத்தேன், ஒரு ரூபாய் கூட வருத்தமில்லை. ஒன்பதாவது நாள் கரும்பலகையின் சட்டம் நேராகிவிட்டது.

இப்போது வகுப்பில் இதைவிட வசதியான கண்ணாடி இல்லை. நோட்டு, முதல் பெஞ்ச், கடைசி பெஞ்ச், ஜன்னலுக்கு வெளியே மைதானம், எல்லாம் ஒரே கண்ணாடியில். கம்ப்யூட்டரில் மார்க் ஏற்றும்போது மட்டும் நன்றாக இல்லை, திரை இருக்கிற தூரத்துக்கான பகுதிதான் லென்ஸில் மிகக் குறுகல், மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுக்கத் திரை முன்னால் இருப்பவர்கள் அதற்கென்று வருகிற ஆஃபீஸ் லென்ஸைக் கேட்டுப் பாருங்கள்.

ஸ்கூட்டியில் முதல் ஒரு வாரம் ஓட்டவே வேண்டாம். அதற்குப் பிறகும் பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பிப் பழக வேண்டும், ஓரக்கண்ணால் பார்த்தால் பின்னால் வரும் பஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது சரியாகப் பிடிபடாது.

படிக்கட்டுதான் எனக்கு இன்னும் பயம். நடக்கும்போது நாம் பாதத்தைப் பார்ப்பதில்லை, இரண்டு எட்டு முன்னால் பார்க்கிறோம், பாதம் வைக்கிற இடத்தைக் கீழ் ஓரப் பார்வை கவனித்துக்கொள்கிறது. புராகிரசிவில் அந்தக் கீழ் ஓரம் முழுக்கப் படிக்கிற பவர், அதன் வழியாக அரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக இருக்காது, படியோ ஒன்றரை மீட்டர் கீழே. மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்த்துவிட்டு இறங்கும்போது படியின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல் காலை அந்தரத்தில் வைத்துவிட்டேன், பக்கத்தில் வந்த அம்மா ஒருத்தர் கையைப் பிடித்ததால் தப்பித்தேன். இது என் ஒருத்தியின் குறை இல்லை. ஆஸ்திரேலியாவில் ஸ்டீபன் லார்டின் குழு 2002-இல் முதியவர்களிடம் பார்த்தபோது, பைஃபோக்கல், புராகிரசிவ் போடுகிறவர்களுக்குக் கீழே உள்ள விளிம்பையும் ஆழத்தையும் உணர்வது குறைகிறது, விழும் வாய்ப்பும் கூடுகிறது என்று கண்டார்கள். 2010-இல் அங்கேயே 600-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், வெளியே நிறைய நடமாடுகிறவர்களுக்குத் தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி கொடுத்தபோது விழுவது குறைந்தது. ஆனால் அதிகம் வெளியே போகாதவர்களுக்கு அது உதவவில்லை, வெளியே விழுவது கூடியது, ஆகவே எல்லோருக்கும் ஒரே யோசனை பொருந்தாது. நான் தினமும் வெளியே போகிறவள், பழைய -0.75 கண்ணாடியைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், படி என்றால் அதை மாட்டிக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதை எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். என் அம்மாவுக்குக் கண்நீர் அழுத்த நோய், கிளாக்கோமா. அந்த நோய் பெரும்பாலும் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும், நடு கடைசிவரை நிற்கும். அம்மா ஊசியில் நூல் கோப்பார், பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைப் படிப்பார், ஆனால் நிலைப்படியில் இடித்துக்கொள்வார், தட்டில் ஓரத்தில் வைத்த பொரியலைப் பார்க்காமல் எழுந்துவிடுவார். "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று சொல்வார், நாங்களும் கவனக்குறைவு என்று திட்டினோம். இல்லாமல்போன இடம் கறுப்பாகத் தெரியாது, மூளை அதைச் சுற்றியுள்ளதை வைத்து நிரப்பிவிடுகிறது, அதனால் போனது போனவருக்கே தெரிவதில்லை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும் சோதனை நடுவை மட்டும்தான் பார்க்கிறது, அம்மா அதில் ஒவ்வொரு தடவையும் கடைசி வரி வரை படித்தார். புதுக் கண்ணாடியோடு ஓரம் நெளிந்த அந்த மூன்று வாரம் எனக்கு அம்மாவின் நடையை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தது. என் பக்கத்தில் வேலை செய்பவரின் அப்பாவுக்கு நேர்மாறு, விழித்திரையின் நடு கெட்டுவிட்டது, வீட்டுக்குள் எதிலும் இடிக்காமல் நடக்கிறார், எதிரே உட்கார்ந்த பேரனின் முகம் தெரியவில்லை.

அதனால் நாற்பதுக்கு மேல் கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் பவரை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், கண் மருத்துவரிடம் கண் அழுத்தத்தையும் கண்நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால் கட்டாயம். நான் என்னுடையதைப் பார்த்துவிட்டேன், தலையைத் தாங்கியில் வைத்து நடுவில் ஒரு விளக்கையே பார்த்துக்கொண்டு ஓரத்தில் சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கும் சோதனை, ஒரு கண்ணுக்குச் சில நிமிஷம்தான். இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுபடி வாங்குவேனா என்றால் வாங்குவேன், அதே கடையில், அதே பெண் அளவெடுத்தால். போன வாரம் வீட்டு மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் மஞ்சள் ஒட்டுப்பட்டை ஒட்டினோம், அம்மாவுக்காக என்று ஆரம்பித்தது. நேற்று துணி காயப்போட்டுவிட்டுக் கண்ணாடியை மாற்ற மறந்து அப்படியே இறங்கினேன், கீழ் ஓரத்தில் எல்லாம் மங்கலாகத்தான் இருந்தது, ஆனால் மஞ்சள் கோடு ஒவ்வொன்றும் தெரிந்தது.